ஆமென் சொல்வது அத்தானின் வேலை

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் நான் திட்டித்தான் ஆரம்பிப்பேன். அப்படி ஒரு பிடிவாதக்காரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் இரண்டு பேராக நுனிகளைப் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு நுனி கோணினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து மடிப்பாள். எதிரில் நிற்பவள் பாடு திண்டாட்டம்தான்.

அத்தான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் "ஒரு தரம்" என்றால் சந்தையின் அடுத்த கோடியில் இருக்கும் வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். வீட்டிலும் அதே தொண்டைதான். தினமும் மாலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டில் ஜெபம். அக்கா ஜெபிப்பாள், முடிவில் அத்தான் ஆமென் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவர் சொல்லாமல் யாரும் முழங்காலை விட்டு எழக்கூடாது. அவர் சொல்லும் ஆமென் ஏலத்தின் மூன்றாம் தரம் மாதிரி விழும். அலமாரியில் டம்ளர் அதிரும்.

"ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் அத்தான், மெதுவாச் சொல்லுங்க" என்று கேலி செய்வேன்.

"அவருக்குக் கேக்கும். உனக்குக் கேக்கணும்ல, அதுக்குத்தான்" என்பார்.

சொன்னதில் தப்பில்லை. நான் ஞாயிறு ஆராதனையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரகம்.

ஒருநாள் காலை ஏலத்தின் நடுவே இரண்டாம் தரம் சொல்லிவிட்டு நின்றார். மூன்றாம் தரம் வரவில்லை. விலையை ஏற்றத்தான் இழுக்கிறார் என்று வியாபாரிகள் சிரித்திருக்கிறார்கள். வாய் கோணியதைப் பிறகுதான் பார்த்தார்கள். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. "நீங்க சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வராது" என்றார் டாக்டர். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு அவர் மேசையைப் பார்த்தார்.

தபால் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு நான் துணைக்குப் போனேன். அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஏழு மணிக்கு அக்கா கட்டிலருகே முழங்கால் போட்டாள். நானும் அவள் மகளும் பக்கத்தில். ஜெபித்தாள், நிறுத்தினாள், காத்திருந்தாள். அத்தானின் உதடு துடித்தது. நெற்றி வியர்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எனக்குப் பொறுக்கவில்லை. நானே "ஆமென்" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து முறைத்தாள். "உன்னை யாரு சொல்லச் சொன்னா? அது அவர் வேலை."

பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரி, எழுந்திருங்க. ஜெபம் முடியல. நாளைக்குத் தொடரலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் ஏழு மணிக்கு வழக்கமான ஆரம்பம் எதுவும் இல்லை. "அப்புறம், ஆண்டவரே" என்று நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அதற்கு அடுத்த நாளும் "அப்புறம், ஆண்டவரே." என் லீவு முடிந்த பிறகும் மாலையில் நான் அங்கே போய்விடுவேன்; எட்டு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் அவள் மறந்து வைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனேன். உள்ளே ஒரே ஆவி, இயந்திரச் சத்தம். எதிரில் மடிப்பவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் விரிப்பின் இரண்டு நுனியை அக்கா என் கையில் கொடுத்துவிட்டாள். மனதில் இருந்ததைக் கேட்டேன். "நீ எப்படிக்கா அழாம இருக்கே?"

"யாரு சொன்னா? குளியலறையில போய்ப் பாரு" என்றாள். நுனியோடு நுனி சேர்த்தாள். "ஆனா ஒண்ணு. முன்னாடியெல்லாம் ஏழேகாலுக்கு ஜெபம் முடிஞ்சிடும். அப்புறம் நான் என் வேலையைப் பாப்பேன், ஆண்டவர் அவர் வேலையைப் பாப்பார்னு இருந்தேன். இப்ப முடியவே இல்லையே! இந்தத் துணியை மடிக்கும்போதும் நான் அவர் முன்னாலதான் நிக்கறேன். பஸ்ஸுல நின்னாலும் அப்படித்தான். எட்டு மாசமா அவர் காதை என் பக்கத்துலேருந்து எடுக்கல. கோணாம பிடி."

நாற்பது வருடம் தெரிந்த என் அக்காதானா இது? ஆஸ்பத்திரி அழுக்குத் துணிகளின் நடுவே நின்றுகொண்டு, அடுத்த அறையில் இருப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல ஆண்டவரைப் பற்றிச் சொல்கிறாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஆனால் மாலையில் அத்தானின் வியர்த்த நெற்றியைப் பார்த்தால் என் மனம் மாறிவிடும். இவளுக்கு ஆறுதல் சரி, அவருக்குத் தினமும் தண்டனை அல்லவா? சும்மா இருக்க என்னால் முடியவில்லை, மூக்கை நுழைத்தேன். அக்காவிடம் சொல்லாமல் போதகரை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். நல்ல மனிதர், உருக்கமாக ஜெபித்தார். தெளிவாக ஆமென் சொன்னார். எல்லாரும் எழுந்தோம். மகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா போதகருக்குக் காபி போடப் போனாள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலைக்கூடத் தொடவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். அன்று முழுக்க அப்படி, மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். "மனசு விட்டுட்டார். இப்படியே போனா தாங்க மாட்டார்" என்றார்.

அக்கா அன்றுதான் என் முன்னால் உடைந்தாள். "என்னாலதான். தினமும் காக்க வெச்சுக் காக்க வெச்சு அவரை அவமானப்படுத்திட்டேன்."

"ஆமா, உன் பிடிவாதம்தான்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஏழு மணிக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுக்கச் சொன்னாள். அவர் முகம் இருந்த பக்கம், அந்தச் சின்ன இடைவெளிக்குள் நுழைந்து முழங்கால் போட்டாள். நாங்கள் இந்தப் பக்கம்.

"அப்புறம், ஆண்டவரே" என்றாள். "எனக்கு ஆறுதலா இருந்துச்சு. இவருக்கு எப்படி இருக்குன்னு கேக்கவே இல்ல. இவரை இனிமே கஷ்டப்படுத்த மாட்டேன். இன்னிக்கு நானே முடிச்சுடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அத்தானின் இடது கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. மெதுவாக வந்து அவள் வாயைப் பொத்தியது.

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பத் தட்டினார்.

கை, கால், பேச்சு எல்லாம் போன மனிதருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. எட்டு மாதமாக அதை முடிக்காமல் வைத்துக்கொண்டு அவரும் ஆண்டவர் முன்னால்தான் நின்றிருக்கிறார். அதைத்தான் நான் பிடுங்கிப் போதகர் கையில் கொடுத்திருக்கிறேன்.

"சரிங்க. நீங்களே சொல்லுங்க. நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

அவர் உதடு துடித்தது. நெற்றி வியர்த்தது. ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மகள் எழுந்துபோய்ப் பாலைக் கொண்டுவந்தாள். அத்தான் வாயைத் திறந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஆமென் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.