மதினியின் நிறம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் வேலை பார்த்த நான்கு வருடங்களும் பெண்களை வெளுப்பாக்குவதுதான் என் வேலை. ஓவியக் கல்லூரியில் படித்தவள் என்பதால் காலண்டர் படங்களை என்னிடம்தான் கொடுப்பார்கள். கணினியில் முகத்தைப் பெரிதாக்கி மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழுள்ள கருமை எல்லாவற்றையும் அழிப்பேன். "இன்னும் கொஞ்சம் கலரா இருக்கட்டும்மா" என்பார் முதலாளி. கலர் என்றால் வெள்ளை.

அந்த நாட்களில்தான் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு மதினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அச்சங்குளத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் பட்டாசு ஆலை வேலையை விடவில்லை. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் கை அவளுடைய நிறத்தில் இருக்கும்.

ஞாயிறு மதியம் அண்ணன் வெளியே போய்விடுவான். மதினி தலைக்குக் குளித்து, பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளறை ஜன்னலோரம் முடி உலர்த்துவாள். நான் பக்கத்தில் பாயில் படுத்துக் கிடப்பேன். வேனில் பெண்கள் பேசிய பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அப்படியொரு நாளில் கேட்டேன்.

"மதினி, ஒங்கள வரையட்டா?"

"இரு, சேலை கட்டிட்டு வாரேன்."

"வேணாம். இப்பிடியே இருங்க."

கொஞ்சம் யோசித்தாள். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான்கு ஞாயிறுகள் வரைந்தேன். இடது தோளில் பழைய தீக்காயத் தழும்பு, தாலிக்கயிற்றின் மஞ்சள் படிந்த கழுத்து, ஈரம் காயாத முதுகு. வாரமெல்லாம் அழித்ததை ஞாயிறன்று ஒவ்வொன்றாகப் போட்டேன். முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருப்பிக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இம்புட்டு கறுப்பாவா இருக்கேன்?"

"அழகா இருக்கீக மதினி."

"ஊருல உள்ள பொம்பளைகளையெல்லாம் கலராக்கி விடுறே. வீட்டுல இருக்கவள மட்டும் இப்பிடிப் போட்டு வச்சிருக்கே."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். படத்தை மாற்றிவிடலாம் என்று வெள்ளையைக் குழைத்துக் கன்னத்தருகே கொண்டுபோனேன். மனசு வரவில்லை.

நான்காம் நாள் வேலைவிட்டு வந்தவள், கைகழுவிவிட்டு நேராகப் படத்தின் முன் வந்து நின்றாள்.

"தளும்பு இன்னும் கொஞ்சம் கீள. இங்கன."

என் விரலைப் பிடித்துத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். அத்தனை நாள் பார்த்து வரைந்த தழும்பை அன்றுதான் தொட்டேன். வழுவழுவென்று, குழந்தையின் தோல்போல இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஆலையில் பக்கத்து அறை தீப்பிடித்தபோது ஓடிவந்த கதையைச் சொன்னாள். அண்ணனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லையாம். சொல்லி முடித்துவிட்டு, "என்னைய மட்டும் ஒக்கார வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கே. நீயும் வந்து ஒக்காரு. ரெண்டு பேரையும் போடு" என்றாள்.

பீரோ கண்ணாடியைப் பார்த்து இருவரையும் வரைந்தேன். மதினி எனக்குச் சடை பின்னுவதுபோல. முடிகிற நேரத்தில் எட்டிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏ பிள்ள, ஒன்னைய மட்டும் வெள்ளையாக்கிட்டியே!"

பார்த்தேன். உண்மைதான். எனக்குத் தெரியாமலே கை செய்திருக்கிறது. படத்தில் அவளுக்கு முன்னால் நான் காலண்டர் பெண்போல உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் முகம் சுட்டது. மதினி விரலை நீட்டிப் படத்திலிருந்த என் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். காயாத வண்ணம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"அளி. மறுபடி போடு."

அன்றுதான் என் முகத்தை நானே சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடமே அச்சக வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்துவிட்டேன். இருவரும் இருக்கும் படம் என்னிடம் இருக்கிறது. முதல் படம் மதினியின் உள்ளறையில். அண்ணன்தான் ஆணி அடித்துக் கொடுத்தான். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஊருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமையும் வீடு இரைச்சலாக இருக்கிறது. அடுப்படியில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசுகிறோம். அந்த ஜன்னலோரத்தில் இப்போது துணி துவைக்கும் மெஷின் நிற்கிறது.