தேவராசாவின் கறுப்புக் கோட்டு

1986 பெப்ரவரியில் யேசுரட்ணத்துக்கு வயது முப்பத்தேழு. பிரெஞ்சு ரூலெட் சக்கரத்தில் இருக்கும் குழிகளும் முப்பத்தேழுதான்: ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை, அவற்றோடு ஒரு பூச்சியம். அவை சக்கரத்தில் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதை அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே மனப்பாடம் செய்திருந்தார். பூச்சியம், முப்பத்திரண்டு, பதினைந்து, பத்தொன்பது, நான்கு என்று முணுமுணுத்தபடி தட்டுக் கழுவுவார். தட்டுக் கழுவுகிறவருக்குத் தேவையில்லாத அறிவு அது.

அவர் வேலை செய்த பயணக் கப்பல் கெட்ஸர் துறைமுகத்திலிருந்து காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, மாலை நான்குக்குத் திரும்பும். டென்மார்க்கின் கரையில் சூதாட்டக் கூடம் நடத்த அப்போது சட்டம் இடம் தரவில்லை. கரை கண்ணுக்கு மறைந்த பிறகே இரண்டாம் தளத்தில் ரூலெட் மேசையை மூடிய துணியை எடுப்பார்கள். வேலையாட்களுக்கு ஒரு கிழமை கப்பல், ஒரு கிழமை வீடு. யேசுரட்ணத்தின் வீடு ஹ்விடோவ்ரேயில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில்.

மன்னார் பேசாலையில் அவர் மீனை ஏலம் கூறி விற்றவர். முப்பது பேர் ஒரேயடியாகக் கத்தினாலும் யார் என்ன விலை கேட்டார் என்பது அவர் காதில் தனித்தனியாக விழும். அதனால் ரூலெட் மேசையைப் பார்த்த முதல் நாளே, இது தன் தொழில் என்று தீர்மானித்துவிட்டார். ஆட்டக்காரர்கள் பச்சைத் துணியில் பணத்துக்குப் பதிலான காய் வைக்கிறார்கள். தனி எண் ஒன்றில் வைக்கலாம். சிவப்பு, கறுப்பு என்றும், ஒற்றை, இரட்டை என்றும், பதினெட்டு வரை, அதற்கு மேல் என்றும் வைக்கலாம். மேசையை நடத்துகிற குரூப்பியே சக்கரத்தைச் சுழற்றி, அதற்கு எதிர்த்திசையில் பந்தை விடுகிறார். பந்து தளர்ந்ததும் இனி வைக்கக்கூடாது என்று பிரெஞ்சில் கூவுகிறார். பிறகு விழுந்த எண்ணை அறிவித்து, தோற்ற காய்களை நீளமான விறாண்டியால் வாரி எடுக்கிறார். சந்தையில் கூறுகிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நாற்றம் இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் மேசைக்கு மூன்றாவது குரூப்பியே தேவைப்பட்டது. மேசைப் பொறுப்பாளர் கியர்ஸ்டன் என்ற டேனிஷ்காரி சமையலறைக்கு வந்து, எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். ஆட்டக்காரர்கள் நாள் முழுவதும் பார்க்கப்போவது அந்தக் கைகளைத்தான். எட்டு மாதமாகச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் ஊறிய யேசுரட்ணத்தின் விரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன. பக்கத்தில் நின்ற தேவராசாவின் கைகள் பூசை செய்கிறவரின் கைகள் போலச் சுத்தமாக இருந்தன. கியர்ஸ்டன் தேவராசாவைத் தேர்ந்தெடுத்தார்.

தேவராசா உடுவில் பெடியன், இருபத்தாறு வயது. அவனை அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் யேசுரட்ணம். உருளைக்கிழங்கு உரிக்கும்போது கை பழுதாகும் என்று இறப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அடுத்த வீட்டுக் கிழமையில் தேவராசாவின் படம் ஒன்று ஹ்விடோவ்ரேக்குத் தபாலில் வந்தது. கறுப்புக் கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி முடிச்சு. யேசுரட்ணத்தின் மனைவி அருமைநாயகி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, தம்பி மாப்பிளை மாதிரியெல்லே நிக்கிறார்."

"மாப்பிளையோ? சவப்பெட்டி தூக்க வந்தவன் மாதிரி நிக்கிறான்."

"உங்களுக்கு எரியுது."

"எனக்கென்னத்துக்கு எரியிறது?"

"அடுப்பு மூட்ட நெருப்புப்பெட்டி தேவையில்லை, மூஞ்சையில பத்தவைக்கலாம்."

யேசுரட்ணம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

கப்பலில் இருவருக்கும் ஒரே அறை. தேவராசா கீழ்க்கட்டிலில் இருந்து, எழுதிவைத்த தாளைப் பார்த்துப் பார்த்து விதிகளைப் பாடமாக்கினான்.

"அண்ணை, சிவப்பில வைச்சிருக்கிறான். பூச்சியம் விழுந்திட்டுது. அவன்ர காய்க்கு என்ன நடக்கும்?"

"மறியல்," என்றார் யேசுரட்ணம் மேற்கட்டிலிலிருந்து. "ஆளைச் சிறையில போடுற மாதிரி காயை மறியல்ல போடுறது. அடுத்த சுத்தில சிவப்பு விழுந்தா விடுதலை, காய் மட்டும் திரும்பக் கிடைக்கும். கறுப்பு விழுந்தாப் போச்சு."

"நீங்கள் எப்பிடியண்ணை இதெல்லாம் பாடமாக்கினனீங்கள்?"

"எனக்கு வேற வேலை இல்லை எண்டு நினைக்கிறியோ? படு."

அவன் பிழைவிடும் நாளுக்காக யேசுரட்ணம் காத்திருந்தார். அவனுடைய பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்டுக் கழுவுதொட்டிக்குள் துப்பினார். கோட்டுக் கையில் குழம்பு படட்டும் என்றுகூட ஒருமுறை வேண்டிக்கொண்டார்.

அந்த நாள் பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் ஒரு மணியளவில் வந்தது. கோப்பை எடுக்கிற பெண்ணுக்குச் சுகமில்லாததால், யேசுரட்ணத்தைத் தட்டோடு மேலே அனுப்பியிருந்தார்கள். மேசையில் நல்ல கூட்டம். வாடிக்கையாக வரும் சுவீடன் கிழவர் ஒருவர் ஒன்பது காய்களைத் துணியில் தள்ளி, "வ்வாசான்!" என்று கூவினார். பூச்சியத்தின் அயலவர்கள் என்று அதற்குப் பொருள். சக்கரத்தில் பூச்சியத்தையும் அதன் இரு பக்கமும் உள்ள எண்களையும் சேர்த்து, பதினேழு எண்களை ஒரே சொல்லில் பிடிக்கும் பந்தயம். அப்படிக் கூவினால் குரூப்பியே அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் பந்தயம் செல்லும்.

தேவராசா சொல்லவில்லை. நாலு பேருடைய காய்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவன், கிழவரைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக இரண்டு தரம் மெல்ல ஆட்டினான். பந்து ஓடியது. பதினேழாம் எண்ணில் விழுந்தது. அது பூச்சியத்தின் அயலில் இல்லை. தேவராசா எண்ணை அறிவித்து, ஒன்பது காய்களையும் விறாண்டியால் வாரினான்.

கிழவர் எழும்பிவிட்டார். "இவன் முடியாது என்று தலையாட்டினான்! முடியாது என்றுவிட்டு என் காயை எடுக்கிறான்!"

கியர்ஸ்டன் ஒன்பது காய்களையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு யேசுரட்ணத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ இவனுடைய நாட்டுக்காரன். வாயால் சொல்ல மறந்தான் என்றால் ஏசிவிட்டு விட்டுவிடுவேன். முடியாது என்று சொல்லிவிட்டு வாரினான் என்றால் நாலு மணிக்குக் கரையில் இறக்கிவிடுவேன். உங்கள் ஆட்கள் அப்படித் தலையாட்டினால் இல்லை என்றா பொருள்?"

தேவராசா மேசைக்குப் பின்னாலிருந்து தமிழில் கெஞ்சினான். "அண்ணை, அவவுக்குச் சொல்லுங்கோ. நான் ஓம் எண்டுதானே ஆட்டினனான்."

யேசுரட்ணம் அவனுடைய கோட்டைப் பார்த்தார். தோளில் ஒரு சுருக்கம் இல்லை.

"யா," என்று டேனிஷில் ஓம் சொன்னார் கியர்ஸ்டனிடம். "இல்லை என்றுதான் பொருள்."

கியர்ஸ்டன் பெருமூச்சு விட்டார். "அப்படியென்றால் எனக்கு நாளைக்கு ஆள் வேண்டும். உனக்குச் சக்கரத்தின் ஒழுங்கு முழுக்கத் தெரியும் என்று சமையற்காரன் சொன்னான். கைக்கு மருந்து பூசிக்கொள். நாளைக்கு மேசையில் நிற்கிறாயா?"

ஒன்பது மாதமாக எதிர்பார்த்திருந்த கேள்வி. வாய் திறப்பதற்கு முன்னே தலை போய்விட்டது. இடம், வலம், இடம், வலம், மெல்ல.

"வேண்டாமா?"

"யா, யா! வேண்டும்!" என்று யேசுரட்ணம் பதறினார். தலை இன்னும் அதேபோல ஆடிக்கொண்டிருந்தது.

கியர்ஸ்டன் அந்தத் தலையைப் பார்த்தார். திரும்பித் தேவராசாவைப் பார்த்தார். யேசுரட்ணம் கழுத்தை மரம்போல நிறுத்தி, டேனிஷ்காரர் செய்வதுபோல மேலும் கீழுமாக ஆட்டினார்.

"அவனும் இதைத்தான் செய்தான்," என்றார் கியர்ஸ்டன். "நீ கீழே போ."

தேவராசாவுக்கு ஏச்சு விழுந்தது. இனி ஒவ்வொரு பந்தயத்தையும் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும் என்ற கட்டளையோடு அவன் மேசைக்குத் திரும்பினான். போகும்போது யேசுரட்ணத்தின் தோளைத் தொட்டான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

"அவவுக்கு என்னண்ணை சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

"எனக்குத் தெரியும். நீங்கள் என்னை விட்டுக்குடுக்க மாட்டியள்."

யேசுரட்ணம் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அந்தக் கிழமை முடிந்து வீட்டுக்குப் போனவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. ஏப்ரலில் ஓகூஸ் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தார்.