தேக்குச் சுவரும் மஞ்சள் வாளியும்

அப்பா மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் இப்போது முட்டி வலியோடு தடி ஊன்றி நடக்கிறார், மருந்து வாங்கித் தருவதும் நான்தான். ஆனாலும் ஆறவில்லை.

எங்கள் வீடு சாந்தோமில், நொச்சிக்குப்பத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியெல்லாம் செதில் செதிலாக உரியும். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, வீட்டு முன்சுவர் முழுக்க மரப்பலகை அடிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்தது. அடையாறில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்த வினை. ராயப்பேட்டையிலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்தார். அப்பா அவரை பாய் என்பார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அப்பா வாங்கிவைத்திருந்த பளபளப்பான பலகையை பாய் நகத்தால் கீறிப் பார்த்து, கடல் பக்கத்தில் இது இரண்டு மழைகூடத் தாங்காது என்று தேக்குதான் போடவைத்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டார். இரும்பு ஆணியைத் தொடவே இல்லை, எல்லாம் பித்தளை ஸ்க்ரூ. வேலை முடிந்த அன்று சொன்னார்:

“வருசா வருசம் மழைக்கு முன்னாடி எண்ணெ குடுத்துடுங்க சார். உப்பு படியும், வாரம் ஒருவாட்டி கழுவி வுடணும். மெட்ரோ தண்ணில கழுவுங்க. போர் தண்ணி பட்டா தேக்கு கறுத்துப்பூடும்.”

அப்பா எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

சனிக்கிழமைதோறும் சுவர் கழுவுவது என் வேலை ஆயிற்று. முதல் சனிக்கிழமையே மெட்ரோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போனேன். அது குடிநீர் வாரியத்துத் தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் அடிபம்பில் வருவது, எங்கள் வீட்டில் மந்திரித்த தண்ணீருக்குச் சமம். சோறு வடிக்கிற தண்ணீரைச் சுவரில் கொட்டுவார்களா என்று அப்பா அதட்டி, வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னார். எங்கள் போர் தண்ணீரில் உப்பும் உண்டு, இரும்பும் உண்டு. வெள்ளையாக வாங்கிய வாளி அதில் மஞ்சளாகிக் கிடந்தது. பாய் சொன்னாரே என்றேன். தண்ணீர் எல்லாம் தண்ணீர்தான் என்றார் அப்பா. சொன்னவர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார்.

நாலைந்து மாதத்தில் பலகையெல்லாம் கறுப்புக் கோடுகள் இறங்கின. மாதா கோயிலுக்குப் போகிற சனம் நின்று பார்த்துச் சிரித்தது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் அப்போது கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் இருந்தார். கோயில் ஜன்னல்களைப் புதுசாகச் செய்யும் வேலையை பாய்க்குத் தருவதாகப் பேரவையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவைக்காரர்கள் இரண்டு பேரை எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தார். பாயையும் வரவழைத்தார். மட்டமான மரத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று தெருவே கேட்கும்படி கத்தினார்.

பாய் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“இன்னா தண்ணில சார் கழுவுனீங்க?”

“பொண்ணுதான் கழுவுறா. அவளையே கேளுங்க.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா மட்டும் திரும்பவில்லை. முறைத்து மிரட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மெட்ரோ தண்ணி” என்றேன்.

என் காலடியில்தான் அந்த மஞ்சள் வாளி இருந்தது. பாய் வாளியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“சரி பாப்பா” என்றார். அப்பாவிடம் திரும்பி, “மரம் தப்பா வந்துட்ச்சி சார். நான்தான் பாத்து எடுத்துருக்கணும்.”

கோயில் ஜன்னல் வேலை வேறு ஆளுக்குப் போனது. பாய் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

அன்றைக்கு எனக்கு அப்பாவைவிட பாய் மேல்தான் கோபம் அதிகம். இவர் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அழுதேன். வாளியைத் தூக்கிக் காட்டியிருந்தால் அப்பா எல்லார் முன்னாலும் மாட்டியிருப்பார் என்று நம்பினேன். அடுத்த சனிக்கிழமை சுவரைக் கழுவ மாட்டேன் என்றேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

பதினொரு வயதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த வாளியைத் தூக்கிக் காட்டியிருந்தால் மாட்டியிருப்பது அப்பா இல்லை, நான். சுவரைக் கழுவியவளும் நான், பொய் சொன்னவளும் நான். பாய்க்கு அது தெரிந்திருந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருந்தது.