லட்டு கற்றுக்கொடுத்த கிரகம்

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு லட்டுத் தட்டோடு வருவார் அந்த அரிசி மில் முதலாளி. மடிப்புக் கலையாத ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. பையன்களைக் கேள்வி கேட்டு, சரியாகச் சொன்னவன் வாயில் தானே லட்டை ஊட்டுவார். எது சரி என்று அவருக்குத் தெரியுமா என யாரும் கேட்டதில்லை.

நான் வாத்தியாராகச் சேர்ந்த வருஷம், "பூமிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற கிரகம் எது?" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பையன் ஒருவன் "சந்திரன்" என்றான். "சபாஷ்" என்று ஊட்டிவிட்டார். வகுப்பே கைதட்டியது.

சந்திரன் கிரகமே இல்லை, வெள்ளிதான் என்று அப்புறம் ஒரு மாதம் தொண்டை வறளச் சொன்னேன். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அவன் சந்திரன் என்றே எழுதி, ஒரு மார்க்கில் ஃபெயிலானான்.

"ஏண்டா?"

"வெள்ளின்னு தெரியும் சார். எழுதறப்ப லட்டுதான் ஞாபகம் வந்துச்சு."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன் வாத்தியாரே, கோயில்ல நவக்கிரகம் சுத்தினதே இல்லையா? அதுல சந்திரன் இருக்காருல்ல. பேப்பர் திருத்தினவன்தான் தப்பு."

கைநாட்டு வீட்டிலிருந்து வந்த இந்த வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று மில் கணக்குப்பிள்ளையிடம் வேறு சொன்னார்.

அடுத்த வருஷம் கேள்விகளையும் பதில்களையும் நானே ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். "எனக்கேவா பாடம்?" என்று சிரித்தவர், அதை லட்டுக்கு அடியில் விரித்துக்கொண்டார்.