தம்பியின் ஐம்பது ரவைகள்

என் தம்பி பேரின்பநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டில் அவனை இன்பன் என்போம். கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். லாசாலில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் அவனும் மனைவி அஜிதாவும் இருக்கிறார்கள், கீழே நான். நிலவறை இரண்டு பகுதிக்கும் பொது. அங்கேதான் அவனுடைய வேலை மேசை இருக்கிறது.

தம்பி துவக்கு, அதாவது துப்பாக்கி, சுடுகிறவன். யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. கோயிலில் சிவராசா அண்ணை நேரேயே கேட்டுவிட்டார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீ. இஞ்ச வந்து காசு கட்டிச் சுடுறியோ?"

"அண்ணை, நான் சுடுறது கடதாசிக்கு. கடதாசி திருப்பிச் சுடாது" என்றான் தம்பி. சிவராசா அண்ணை சிரித்துவிட்டு மோதகத்தில் பாதியைப் பிய்த்து அவனிடம் கொடுத்தார்.

களஞ்சியத்தில் கூட வேலை செய்யும் ஜில் என்ற கியூபெக்காரர்தான் பதினான்கு வருடங்களுக்கு முன் அவனை முதன்முதல் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மெர்சியே பாலம் தாண்டி ஒரு மணி நேர ஓட்டம். தொள்ளாயிரம் மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி நிற்கும். அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். வெறும் கண்ணுக்கு அது மிளகு மாதிரிக்கூடத் தெரியாது. படுத்துக்கொண்டு, காற்றைப் பார்த்து, அந்த வட்டத்தில் இருபது ரவைகளைச் சுட்டு இறக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஒரு தெரிவுப் போட்டி நடக்கும். முதல் எட்டுப் பேர் மாகாண அணியாக ஒட்டாவாவுக்குப் போவார்கள். அந்த எட்டில் ஒருவனாக வேண்டும் என்பதுதான் தம்பியின் ஆசை. ஒரு வருடம் இரண்டு புள்ளிகளால் தவறியது. இன்னொரு வருடம் ஒன்பதாவதாக வந்தான். எங்கள் எல்லோருக்கும் விசாவுக்கு அலைந்தவன், எனக்கு வேலை தேடித் தந்தவன், தனக்கென்று ஒரு சட்டைகூட விரும்பி வாங்காதவன். அவன் வாய்விட்டுச் சொன்ன ஆசை இது ஒன்றுதான். அதனால் எனக்கும் அதுவே ஆசையாகிவிட்டது. அந்தப் பெயர்ப் பட்டியலில் 'பேரின்பநாதன்' என்று வாசிக்கும்போது வெள்ளைக்காரர் எங்கே தடக்குவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ரவைகளை அவன் கடையில் வாங்குவதில்லை. தானே செய்வான். கோது என்பது சின்னவிரல் அளவான பித்தளைக் குழல். அதற்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை வைத்து அழுத்தினால் அது ரவை. தூரத்துக்கு வேண்டிய மருந்து கோதின் கழுத்துவரை வந்து முட்டி நிற்கும். அப்படியே குண்டை அழுத்தினால் உள்ளே மணிகள் நொறுங்கும். குண்டும் சரியான ஆழத்தில் நிற்காது. ஆகவே முதலில் மருந்தைப் படிய வைக்க வேண்டும். அதற்குத் தம்பி ஒரு முழ நீளப் பித்தளைக் குழாய் வைத்திருக்கிறான். அதன் வழியே மருந்தை மெல்ல மெல்ல, எண்ணெய் ஒழுகுவது போல விடுவான். மணிகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் உட்காரும். அதற்குப் பிறகு மின்சாரப் பல் பிரஷின் பிடியைக் கோதின் மேல் சாய்த்துப் பிடிப்பான். அந்த அதிர்வில் மருந்து இன்னும் கொஞ்சம் இறங்கும்.

"மச்சாள், உங்கட தம்பி எனக்கெண்டு ஆசையா வாங்கித் தந்த பிரஷ் அது" என்று அஜிதா சொல்வாள். "இப்ப பித்தளைக்குத்தான் பல்லு விளக்குறார்."

எனக்கு அந்த வேலையைப் பார்க்கப் பிடிக்கும். நான் வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து, போத்தலில் அடைத்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறவள். தூள் என்றால் என்ன, அது எப்படிப் படியும் என்று எனக்குத் தெரியும். போத்தலை மடித்த துவாயில் நாலு தட்டுத் தட்டினால் தூள் இறங்கும். இறங்கிய இடத்துக்கு ஒரு கரண்டி தூள் மேலே போடுவேன். போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தால்தான் சனம் சந்தோஷமாகத் தூக்கும்.

இந்த ஆகஸ்ட், தெரிவுக்கு இரண்டு நாட்களுக்கு முன், வேலையால் வந்த கையோடு தம்பி நிலவறையில் இறங்கினான். மரத் தட்டில், பழகச் சுடுவதற்கும் சேர்த்து, ஐம்பது கோதுகளை நிறுத்தி, தராசில் நிறுத்த மருந்தை விட்டு, எல்லாவற்றையும் படிய வைத்து முடித்தான். குண்டு வைப்பதுதான் மிச்சம். அந்நேரம் அஜிதா ஃபோன் எடுத்தாள். மெட்ரோ நின்றுவிட்டது, வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாள். தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு ஓடினான்.

நான் வெறும் போத்தல் எடுக்கக் கீழே போனேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஐம்பதும் வரிசையாக, நேர்த்தியாக நின்றன. அவற்றில் ஐந்தில் மட்டும் மருந்து ஒரு தீக்குச்சித் தடிப்பு கீழே இருந்தது. அவசரத்தில் அவன் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தராசின் தட்டில் கொஞ்சம் மருந்து மிஞ்சிக் கிடந்தது. நுனிக் கரண்டியால் எடுத்து அந்த ஐந்தையும் மற்றவற்றின் மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். ஒரு மணிகூட வெளியில் சிந்தவில்லை.

தம்பி திரும்பி வந்து டோர்ச் அடித்துப் பார்த்தான். நான் படியில் நின்றிருந்தேன்.

"அக்கா, இண்டைக்குப் படிஞ்ச மாதிரி ஒரு நாளும் படியேல்லை. பாருங்கோ, ஒரே மட்டம்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் செய்ததை வெற்றி பெற்ற பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அவன் ஐம்பதுக்கும் குண்டு வைத்துப் பெட்டியில் அடுக்கினான்.

சனிக்கிழமை காலை அவனோடு நானும் புறப்பட்டேன். பாலத்தைத் தாண்டினோம். அவன் கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி இருந்தது. எனக்குத்தான் வாய் பொறுக்கவில்லை.

"இன்பன், அண்டைக்குத் தட்டில அஞ்சு கோது இறங்கி நிண்டது. நான் சரிப்பண்ணி விட்டனான்."

தாளம் நின்றது.

"என்னெண்டு சரிப்பண்ணினீங்கள்?"

"தராசில மிச்சம் கிடந்தது. அதில கொஞ்சம் கொஞ்சம்."

அவன் ஒரு டெப்பனர் கடை வாசலில் காரை ஓரங்கட்டினான்.

"எந்த அஞ்சு, அக்கா?"

"அது இப்ப எப்பிடித் தெரியும்? நீ பெட்டியில மாத்தி அடுக்கிப்போட்டாய்."

என்ஜினை நிறுத்தினான். பிறகு, களஞ்சியத்தில் புதிதாக வந்தவருக்கு விளங்கப்படுத்துவது போல, மெதுவாகச் சொன்னான்.

"அது நிறைக் கணக்கு, அக்கா. உயரக் கணக்கில்லை. கோது வெளியால ஒரே அளவுதான். உள்சுவர் சிலதில தடிப்பு, சிலதில மெல்லிசு. மெல்லிசெண்டால் மருந்து கீழ நிக்கும். அது குறைவில்லை. நான் ஒவ்வொண்டா நிறுத்துப் போட்டது."

"கூடினால் என்ன செய்யும்?"

"பிளந்தாலும் பிளக்கும். துவக்கு என்ர கன்னத்தில இருக்கு, அக்கா."

மற்ற நாற்பத்தைந்தும் நல்லவைதானே என்று கேட்டேன். அவை எவை என்று ஆருக்குத் தெரியும் என்றான். நிறுத்துப் பார்த்தால் என்ன என்றேன். பித்தளையும் நிறை மாறும், குண்டும் நிறை மாறும், அதற்குள் அந்தச் சின்ன வித்தியாசம் ஒளிந்துவிடும் என்றான்.

"திரும்புவமோ?"

"இல்லை. வெளிக்கிட்டு வந்திட்டம். ஜில்லும் சுடுறார். பாப்பம்." கார் மறுபடி தெருவில் ஏறிய பிறகு சொன்னான்: "மருந்தைத் திறந்து வைச்சிட்டுப் போகப்படாது. அது முதல் நாளே சொல்லித் தந்தவை. பிழை என்ர."

அந்தப் பிழையில் பாதியையாவது என் மேல் போட்டு அவன் ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

மைதானத்தில் அவன் சொன்னதைக் கேட்டதும் ஜில் தன் ரவைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். தம்பி அதை மெதுவாக மூடித் திருப்பிக் கொடுத்தான். "மெர்சி, ஜில். அது உம்முடைய துவக்குக்கு அளந்து செய்தது" என்று பிரெஞ்சில் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு எனக்கு விளக்கினான். ஜில் அவன் தோளில் கை வைத்து, "சே பா கிராவ், நாதன்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்பவரின் கண் கலங்கியிருந்தது.

தம்பியின் இடம் ஆறாம் இலக்கம். அது வெறுமையாகக் கிடந்தது. ஐந்தாம் இலக்கத்தில் ஜில் படுத்திருந்தார். நாங்கள் பின்னால் மடக்குக் கதிரைகளில் காதுறை மாட்டிக்கொண்டு இருந்தோம். தம்பி தன் தொலைநோக்கியை நிறுத்தி அதில் கண்ணை வைத்தான். காற்றைக் காட்டும் கொடிகள் ஒரு கணம் எழுந்தன, மறுகணம் தொங்கின. ஜில் சுட்டார். கடதாசி கீழே இறங்கி, குறி போட்டுக்கொண்டு மேலே வந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தம்பியின் உதடு ஒவ்வொரு முறையும் மூடித் திறப்பதைக் கண்டேன். மூன்றாவது, நான்காவது முறையில்தான் விளங்கியது. 'இப்ப' என்கிறான். தான் சுட்டிருக்கக்கூடிய கணத்தைச் சொல்கிறான். ஜில் சில வேளை அவனுக்கு முந்தினார், சில வேளை பிந்தினார். இருவரும் ஒத்துப்போனபோது கடதாசியின் நடுவில் குறி வந்தது. நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். பத்தொன்பது வரை அவன் உதடு ஒன்றையும் விடவில்லை.

இருபதாவதுக்கு அவன் வாயே திறக்கவில்லை. கொடிகள் குறுக்கே விறைத்து நின்றன. நேரம் முடியப்போகிறதென்று ஜில் கடிகாரத்தைப் பார்த்தார், சுட்டார். குறி வட்டத்துக்கு வெளியே இடப்பக்கம் வந்தது. தம்பியின் விரல்கள் தொடையில் இறுகியபடி இருந்தன.

ஊதல் ஊதினார்கள். எல்லோரும் துவக்குகளைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார்கள். ஜில் தன் பாயைத் தட்டத் தொடங்கினார். நான் காதுறையைக் கழற்றினேன். எங்கோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

தம்பி எழும்பவில்லை. கண் இன்னும் தொலைநோக்கியில் இருந்தது. கடதாசி வரை நின்ற கொடிகளில் கடைசிக் கொடி, பிறகு அதற்கு முந்திய கொடி, ஒவ்வொன்றாகத் தளர்ந்து கம்பத்தோடு ஒட்டின. சுடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

"இப்ப" என்றான்.