பெரியாயிக்குச் சிவப்பு விளக்கு

“மலையே சரிஞ்சு வந்து லயத்த மூடுனாலும் சரி, எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் என் வாயில வராது!”

இலங்கையின் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் பெரியாயி அம்மையார் செய்த பிரகடனம் இது. கல்யாணமான நாளிலிருந்து காத்துவந்த விரதம். புருஷன் பெயர் நல்லையா என்பதால், ‘நல்லா இருக்கு’ என்று எதைப் பற்றியும் அவர் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி ஆசையாகக் கொண்டுவரும் கறியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “மோசமில்ல” என்பார். இதனால் லயத்தில் விளைந்த மனத்தாங்கல்கள் கொஞ்சமல்ல. ஆஸ்பத்திரியிலோ வாக்காளர் பதிவிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு துணையாள் நிற்க வேண்டும். அந்தப் பதவியையும் ஜெயலெட்சுமிதான் சம்பளமில்லாமல் வகித்துவந்தாள்.

2007ஆம் ஆண்டில் விஞ்ஞானம் அந்த லயத்துக்குள் மூன்று சக்கரங்களில் உருண்டு வந்தது.

கொண்டுவந்தவள் நிவேதிகா. பதுளையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் தம்பதியின் மகள், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பவள். வயதானவர்களுக்கு மறதி நோய் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு ரோபோ செய்திருந்தாள். ரைஸ் குக்கர் அளவு உடம்பு, கார் பேட்டரியில் உயிர், கண்ணுக்குப் பதில் இரண்டு பல்ப். அவள் பதிவுசெய்து வைத்த குரலில் கேள்வி கேட்கும். பதில் சட்டென்று வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. யார் சொன்னார்கள், சரியாகச் சொன்னார்களா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்கில்லை. அதற்குத் தமிழ் தெரியாது. மௌனம் மட்டும் தெரியும்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. கேக்கிறதுக்குப் பதில் சொன்னாக் காணும்,” என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு அதை விட்டுப்போனாள்.

ரோபோ நேரே அம்மையாரிடம் உருண்டு வந்தது. “உங்கள் கணவரின் பெயர் என்ன?”

பெரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அடியாத்தே, வெக்கங்கெட்டது என்ன கேக்குது பாரு! ஜெயலெட்சுமி, வந்து சொல்லுடி!”

அத்தனையையும் முந்தானைக்குள்ளேயே சொன்னதால் ரோபோவுக்குக் கேட்கவில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமிக்கும் கேட்கவில்லை. சிவப்பு.

அடுத்து நல்லையாவின் முறை. “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?”

நல்லையா கூரையைப் பார்த்தார்.

“ரொட்டியும் சம்பலும்!” அடுப்படியிலிருந்து பதில் பறந்து வந்தது. பச்சை.

“இன்று என்ன கிழமை?”

“வெள்ளி!” பச்சை. நல்லையா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

உண்மையில், கொஞ்ச காலமாகவே நல்லையாவின் ஞாபகசக்தி அடுப்படியில்தான் குடியிருந்தது. கடையில், கோயிலில், மகள்மாரின் தொலைபேசியில் எல்லாம் அவருக்காகப் பெரியாயியே பதில் சொன்னார். ஃபேக்டரியில் சத்தத்தைக் கேட்டே மெஷினின் கோளாறைச் சொன்ன மனுஷன். அவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக்கூடாது. அம்மையாரின் கவலை அது ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்கப் பெரியாயிக்கு அதே கேள்வி, அதே சிவப்பு. வாரம் முடிந்ததும் நிவேதிகா பல்புகளின் தீர்ப்பை வாசித்தாள். “குறை நினையாதேங்கோ அம்மா. ஐயா சுகமா இருக்கிறார். உங்களுக்குத்தான் மறதி தொடங்குது போல. வெள்ளனப் பிடிச்சா, மருந்தால அதின்ர வேகத்தைக் குறைக்கலாம். வியாழக்கிழமை பதுளையில டொக்டரிட்டக் காட்டுவம். ஒரு ஆளுக்குத்தான் இடம் எடுத்து வச்சிருக்கு.”

“ஆமா தாயி, எனக்குத்தான் மறதி,” என்று பெரியாயி பரிசு கிடைத்தவர்போல ஒப்புக்கொண்டார்.

சேதி லயமெங்கும் பரவியது. “அக்கா, அடுப்பு எரியுது. ஞாபகம் இருக்கா?” என்று ஜெயலெட்சுமி விசாரித்தாள்.

“ஒன் மூஞ்சி எரியுது. போடி!”

வியாழக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கப் போன நல்லையாவை ஜெயலெட்சுமி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். “அக்கா, அண்ணன் கீழ் லயத்துல யாரு வீட்லயோ போயி உக்காந்து, தேத்தண்ணி கேட்டுக்கிட்டு இருக்காரு! அங்க ஒரே சிரிப்பு!” என்று சொல்லிவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடினாள்.

நல்லையாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பெரியாயி சிரிக்கவில்லை.

வான் வந்தது. படியில் வைத்த காலை அம்மையார் எடுத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல தாயி. ஒங்க டப்பாவுக்கு அவரு பங்குக்கும் பதில் சொன்னது நாந்தான். மருந்து அவருக்குத்தான் வேணும். அவரக் கூட்டிட்டுப் போங்க.”

நிவேதிகா வானிலிருந்து இறங்கி நல்லையாவிடம் வந்தாள். “ஐயா, உங்கட பேர் என்ன?”

நல்லையா சிரித்தார். வாயைத் திறந்தார், மூடினார். சிரிப்பு மெல்லக் கழன்றது. திரும்பிப் பெரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ புள்ள... எம் பேரு...”

பெரியாயி லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். புருஷனின் சட்டையில் மாறிப்போயிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, காதோரம் குனிந்தார்.

“நல்லையா,” என்றார். “ஒங்க பேரு நல்லையா.”