அரைக்கிராமும் ஒன்றரைக் கிலோவும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் அரைக்கிராம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மருத்துவமனைக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் எடை மெஷின் பழுதுபார்த்த மனிதர். மளிகைக்கடை, தபால் ஆபீஸ், நகைக்கடை, இரும்புக் கிடங்கு, எங்கே எடை தப்பினாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அரை கிராம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். நாங்கள் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்ததும் எடைத்தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பிப்பார். எனக்கு மானம் போகும்.

எங்கள் மகள் பிறந்த அன்று, குழந்தையை எடை போட்ட நர்ஸிடம் இவர் சொன்ன முதல் வார்த்தை, "சிஸ்டர், உங்க மெஷின் நாப்பது கிராம் கம்மியா காட்டுது." குழந்தை யார் சாயல் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கட்டிலில் படுத்தபடியே நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய மெஷின் எதிலும் நான் ஏறியதே இல்லை. "ஒரே ஒரு தடவ ஏறேன்" என்று கெஞ்சுவார். "என் எடை உங்களுக்கு எதுக்கு? என்ன விக்கப்போறீங்களா?" என்பேன். அதோடு பேச்சு முடியும்.

போன மாதம் அவருக்கு மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இதயம் சரியாக வேலை செய்யாததால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். பதினோரு நாள். அவருக்குக் கட்டில், எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா வந்து, "மீதி வைத்தியத்த வீட்லயே பாக்கலாம். இங்க என்ன செய்றோமோ அதேதான் அங்கயும்" என்றார். நான் சரியாகக் கேட்டுக்கொள்வதற்குள் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீடு எப்படி ஆஸ்பத்திரி ஆகும் என்று நினைத்தேன். ஒரே நாளில் ஆகிவிட்டது. காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மருந்துப் பை தொங்கியது. சாப்பாட்டு மேஜையில் டாக்டரம்மா தினமும் வந்து பேசுகிற டேப்லெட், பிரஷர் கருவி, விரலில் மாட்டும் கிளிப். குளியலறை வாசலில் ஓர் எடை மெஷின். நர்ஸ் காலையும் மாலையும் வந்து, கையில் பொருத்தியிருந்த ஊசி வழியாக நீரை வடிக்கும் மருந்தை ஏற்றுவாள்.

சட்டதிட்டங்களை முதல் நாளே சொன்னாள். தினமும் காலையில், வயிற்றுக்கு எதுவும் போடும் முன் எடை பார்த்து அனுப்ப வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் திரும்பச் சேர்கிறது என்று பொருள். வண்டி வந்து வார்டுக்கு அழைத்துப் போய்விடும். "அப்புறம் சார், எந்தக் கருவியிலயும் கை வைக்கக் கூடாது. கை வெச்சீங்க, வீட்டு வைத்தியம் கட்!" என்று சிரித்தாள். எப்படி நிற்க வேண்டும் என்று காட்ட அவளே மெஷினில் ஏறினாள். ஐம்பத்தெட்டரை. "அட! எங்க வீட்ல எப்பவும் அறுபது காட்டும். உங்க வீட்டுக்கு வந்ததும் எளச்சிட்டேன் போலிருக்கே!"

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவரைப் பெண்ணைப் பெற்றவர் பார்ப்பதுபோல அந்த மெஷினை மேலும் கீழும் பார்த்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆனால் மூன்று நாள் நிம்மதியாகத்தான் போயிற்று. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் தட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டார். நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்றார்களா, அதை அளவு ஜாடியில் ஊற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அளக்க ஏதாவது இருந்தால் போதும், அவருக்கு நோய் மறந்துவிடும். நானும் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு காலை நீட்டித் தூங்கினேன். அவர் எடை எழுபத்தெட்டிலிருந்து எழுபத்தாறு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது.

நான்காம் நாள் காலை டேப்லெட் அலறியது. டாக்டரம்மா. "அம்மா, நேத்தைக்கு இன்னைக்கு ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. எழுபத்தெட்டு புள்ளி நாலு. நீர் சேருது போல. வண்டி அனுப்புறேன், ரெடியா இருங்க."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "உப்பு டப்பாவத் தொட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல." "தண்ணி கூடக் குடிச்சீங்களா?" "இல்ல." அவ்வளவுதான். நான் பையில் அவர் துண்டு, பல்துலக்கி, கண்ணாடி எல்லாம் வைத்தேன். கடைசியாக என் தலையணையைத் திணித்தேன்.

"நீ எதுக்குத் தலகாணி எடுக்கற?"

"நாற்காலிக்குத்தான். போன தடவ இல்லாம கழுத்தே போச்சு."

அவர் அந்தத் தலையணையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பைய வெளிய எடு. எடை ஏறல. நான்தான் மெஷின சரி பண்ணேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாள் சாயந்திரம் நான் சாமான் வாங்கப் போயிருந்தபோது, தன் பெட்டியிலிருந்து முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கல் நான்கை எடுத்து அதில் வைத்துப் பார்த்திருக்கிறார்! "இருபது கிலோவுக்குப் பத்தொம்பதரை காட்டுது. அந்தப் பொய்ய தெனமும் அனுப்பச் சொல்றியா?"

"ஒரு வாளித் தண்ணி தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கல்லத் தூக்கினீங்களா?"

"ஒவ்வொண்ணாத்தான் தூக்கினேன்."

"அடடா, பெரிய சாமர்த்தியம்! டாக்டர் கூப்பிட்டப்பவே இதச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"கை வெச்சா கட்டுன்னு சிஸ்டர் சொன்னாங்களே. சொன்னாலும் வார்டு, சொல்லாட்டியும் வார்டு" என்றார், கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். டேப்லெட்டில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "வீக்கம் நேத்தைவிடக் கம்மி மேடம், நெஞ்சும் நல்லாயிருக்கு" என்றாள்.

டாக்டரம்மா அசையவில்லை. "பழைய எடைதான் தப்புன்னு எத வெச்சு நம்புறது? இவர் திருத்தினது தப்பா இருந்தா?"

"முப்பத்து நாலு வருஷம்..." என்று ஆரம்பித்தார் இவர். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "நீங்க சும்மா இருங்க. சிஸ்டர், நீங்க ஏறுங்க!"

"நானா?"

"ஆமா. அன்னைக்கு ஐம்பத்தெட்டரைதானே காட்டுச்சு?"

ஏறினாள். அறுபது. புள்ளி சுழியம். "அய்யோ, எளைக்கவே இல்லையா நான்!" என்றாள். அவளுக்கு வந்த வருத்தத்தில் என் உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா மறுபக்கத்தில் கணக்குப் போட்டார். பழைய மெஷினாக இருந்தால் இவருக்கு இன்று எழுபத்தாறு புள்ளி நாலுதான் காட்டியிருக்கும், அரைக் கிலோ குறைந்துதான் இருக்கிறார் என்று வந்தது. "வண்டியத் திருப்பச் சொல்றேன்" என்றார். "ஆனா சார், இனி மெஷின்ல தப்பு தெரிஞ்சா எங்கிட்ட சொல்லணும். கை வைக்கக் கூடாது. இன்னைக்கே வேற மெஷின் வரும். வார்டுன்னா உங்களுக்கு அவ்வளவு பயமா?"

"எனக்கென்ன பயம் டாக்டர்? எனக்குத்தான் கட்டில் குடுத்தீங்களே. இவளுக்கு நாற்காலி. பதினோரு நாள்ல நாலு கிலோ கொறஞ்சுட்டா."

"அவங்களையும் எடை போட்டீங்களா?"

"போட எங்க விடறா? பாத்தாலே தெரியுது."

அந்தப் பதினோரு நாளும் மனுஷன் தன் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அழுகையும் வந்தது, இதை முன்னாலேயே சொன்னால் என்ன என்று கோபமும் வந்தது. பையிலிருந்து தலையணையை எடுத்துக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டேன். நர்ஸ் மருந்துப் பையை ஆணியில் மாட்டினாள்.

மேலும் ஒன்பது நாள் வைத்தியம் நடந்தது. கால் வடிந்து பழைய செருப்பே தொளதொளவென்று ஆயிற்று. கடைசி நாள் நர்ஸ் கையிலிருந்த ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டி, எல்லாக் கருவிகளையும் மூட்டை கட்டினாள். "இனி மாத்திரை போதும். எடைய மட்டும் தெனமும் பாத்து எழுதிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் அவருடைய சொந்த மெஷின் இருந்தது. பக்கத்தில் நோட்டும் பேனாவும். அவர் ஏறி இறங்கித் தன் எடையை எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, காலி இடம் விட்டு, என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"இன்னும் மூணு கிலோ வரணும்" என்றார். எழுதிக்கொண்டார்.